இலங்கையில் வெறுப்புப் பேச்சு: சட்டம், வதந்தி, நாம் செய்யக்கூடியது

"இலங்கையில் சிறுபான்மையினருக்கு எதிராக மேடையிலும் தொலைக்காட்சியிலும் இவ்வளவு பேசுகிறார்களே, இதைத் தடுக்க ஒரு சட்டமும் இல்லையா? இருந்தால் ஏன் யாரும் பிடிபடுவதில்லை? சாதாரண ஆள் என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

சட்டம் இருக்கிறது. அதுவும் லேசான சட்டம் இல்லை. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம், எல்லோரும் ஐசிசிபிஆர் சட்டம் என்று சொல்வது (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் ஆங்கிலச் சுருக்கம் அது). அதன் மூன்றாம் பிரிவு, இன, மத வெறுப்பைப் பரப்பி அதன் மூலம் பாகுபாட்டையோ பகைமையையோ வன்முறையையோ தூண்டுவதைக் குற்றம் என்கிறது. பத்து வருடம் வரை கடூழியச் சிறை. நீதவான் நீதிமன்றத்தில் பிணை கிடையாது, மேல் நீதிமன்றம் போக வேண்டும், அங்கும் விசேட காரணம் காட்ட வேண்டும். இது தவிர தண்டனைச் சட்டக் கோவையில் மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 291அ, 291ஆ பிரிவுகள், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இன முரண்பாட்டைத் தூண்டுவது பற்றிய ஒரு பிரிவு, 2024இல் வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம். ஆக, சட்டத்துக்குக் குறைவே இல்லை. அந்தச் சட்டங்கள் யார் மீது பாய்ந்தன, யாரைத் தொடாமல் விட்டன என்று பார்த்தால்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

2014 ஜூன் 15, அளுத்கம. சில நாட்களுக்கு முன் ஒரு பிக்குவின் வாகனச் சாரதிக்கும் முஸ்லிம் இளைஞர்களுக்கும் நடந்த தெருச் சண்டை, அதைச் சாட்டி ஒரு பொதுக்கூட்டம். பொதுபல சேனா என்ற சிங்கள பௌத்தத் தீவிர அமைப்பின் ஞானசார தேரர் ஒலிவாங்கியைப் பிடித்து, இனி ஒரு சிங்களவர் மீது முஸ்லிம் கை வைத்தால் அதுதான் அவர்கள் எல்லோருக்கும் முடிவு என்ற பொருளில் பேசுகிறார். கூட்டம் கரகோஷம் செய்கிறது. பொலிஸ் நின்று பார்க்கிறது. அன்று மாலையே அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பக்கம் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் போயின. வீடியோ இருக்கிறது, இன்றும் பார்க்கலாம். அந்தப் பேச்சுக்காக அவர் மீது ஐசிசிபிஆர் சட்டம் பாயவில்லை.

அடுத்தது 2020 ஏப்ரல். கொரோனா ஊரடங்கு. முஸ்லிம்கள்தான் நோயைப் பரப்புகிறார்கள் என்று தொலைக்காட்சிகளும் பேஸ்புக்கும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஓய்வுபெற்ற அரச அதிகாரி றம்ஸி ராஸிக், இந்த வெறுப்புக்கு எதிராகப் பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு ஒரு கருத்தியல் போராட்டம் நடத்த வேண்டும் என்று சிங்களத்தில் ஒரு பதிவு எழுதுகிறார். அந்த இடத்தில் அவர் பயன்படுத்திய சொல் ஜிஹாத். மிரட்டல்கள் வருகின்றன, அதைப் பற்றிப் பொலிஸுக்கும் தெரிவிக்கிறார். ஏப்ரல் 9ஆம் தேதி பொலிஸ் வந்து கைது செய்தது அவரைத்தான், ஐசிசிபிஆர் சட்டத்தின் கீழ். உடல்நலம் சரியில்லாத மனிதர், ஐந்து மாதத்துக்கும் மேல் உள்ளே இருந்தார். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைது அவருடைய அடிப்படை உரிமைகளை மீறியது என்று தீர்ப்பளித்தது. மூன்றரை வருடம் கழித்து.

றம்ஸி ராஸிக் கைதாவதற்கு ஒரு வருடம் முன்பு, 2019இல், ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண், உடுத்த உடையில் கப்பல் சுக்கான் படம் இருந்ததற்காக, அது பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச் சக்கரம் என்று சொல்லி இதே சட்டத்தில் உள்ளே தள்ளப்பட்டார். அதே காலத்தில் ஒரு சிறுகதை எழுதியதற்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். இந்த மூன்று பேரும் யாரையும் அடிக்கச் சொல்லவில்லை.

எது குற்றமாகும் வெறுப்புப் பேச்சு, எது வெறும் காரசாரமான பேச்சு என்று பிரித்துப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. 2012இல் மொரோக்கோவின் ரபாத் நகரில், ஐநா மனித உரிமை அலுவலகம் கூட்டிய நிபுணர்கள் ஒரு அளவுகோல் வகுத்தார்கள். ஆறு விஷயம் பார்க்கச் சொல்கிறார்கள்: அந்த நேரத்துச் சூழல் என்ன; பேசியவர் யார், அவருக்கு என்ன செல்வாக்கு; என்ன நோக்கத்தில் பேசினார்; என்ன சொன்னார், எப்படிச் சொன்னார்; எத்தனை பேருக்குப் போனது; உடனடியாகத் தீங்கு நடக்கும் வாய்ப்பு எவ்வளவு. அளுத்கமக் கூட்டத்தை இதில் வைத்துப் பாருங்கள். பதற்றமான ஊர், ஆயிரக்கணக்கில் கூட்டம், மதகுரு, நேரடி மிரட்டல், கூட்டம் கலைந்து போகிற வழியிலேயே முஸ்லிம் குடியிருப்புகள். ஆறும் பொருந்துகிறது. றம்ஸி ராஸிக்கின் பதிவை வைத்துப் பாருங்கள். அதிகாரம் எதுவும் கையில் இல்லாத ஒரு தனி மனிதர், சிறுபான்மைக்காரர், ஆயுதம் என்று அவர் சொன்னது பேனா. ஒன்றுமே பொருந்தவில்லை. இதைப் புரிந்துகொள்ள சட்டக் கல்லூரிக்குப் போக வேண்டியதில்லை, ஒரு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொல்லிக் கொடுக்கிற மனம்தான் மேலே இருக்கவில்லை.

ஏனென்றால் வெறுப்புப் பேச்சாளருக்கு இங்கே அரசியல் பெறுமதி இருந்தது. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ஆறு வருடத் தண்டனை பெற்ற ஞானசார தேரருக்கு 2019 மே மாதம், உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டுகள் வெடித்து ஒரு மாதத்தில், ஜனாதிபதி பொது மன்னிப்புக் கொடுத்தார். 2021இல் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு அவரையே தலைவராகப் போட்டார் அடுத்த ஜனாதிபதி. பிறகு காற்று மாறியது. 2016இல் இஸ்லாத்தை அவமதித்துப் பேசியதற்காக 2024 மார்ச்சில் கொழும்பு மேல் நீதிமன்றம் அவருக்கு நான்கு வருடக் கடூழியச் சிறை விதித்தது. எட்டு வருடம் எடுத்தது, இருந்தாலும் நடந்தது. யாரும் பிடிபடுவதில்லை என்று ஒரேயடியாகச் சொல்ல வேண்டாம் என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

அதனால் என் கருத்து இது: கடுமையான புதுச் சட்டம் கேட்பதை நிறுத்துங்கள். பாரபட்சமான பொலிஸின் கையில் கடுமையான சட்டம் கொடுத்தால் முதலில் உள்ளே போவது சிறுபான்மைக்காரன்தான், இதை மூன்று முறைக்கு மேல் பார்த்துவிட்டோம். நம் உழைப்பு போக வேண்டிய இடம் வேறு. அது வதந்தி.

வெறுப்புப் பேச்சு என்றதும் தூஷண வார்த்தைகளைத்தான் பலர் நினைக்கிறார்கள். இலங்கையில் ஆளைக் கொன்றது பெரும்பாலும் தூஷணம் இல்லை, 'தகவல்'. 2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. சாப்பிட வந்த ஒருவர் கறியில் ஒரு கட்டியைக் கண்டு, இது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்று சத்தம் போடுகிறார். கூட்டம் சேர்கிறது. காசாளர் இளைஞருக்குச் சிங்களம் சரியாக வராது. சுற்றிவர ஆத்திரத்தோடு ஆட்கள், முகத்துக்கு நேரே கைபேசிக் கெமரா, "போட்டாய்தானே, போட்டாய்தானே" என்று கேள்வி. மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று நினைத்தாரோ, பயத்தில் சொன்னாரோ, ஆமாம் போட்டோம் என்று சொல்லிவிடுகிறார். அவ்வளவுதான். கடை உடைந்தது, பக்கத்துப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது, அந்தச் சில வினாடி வீடியோ 'ஒப்புதல் வாக்குமூலமாக' நாடு முழுக்க ஓடியது. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்து, அதில் அப்படி எந்த மருந்தும் இல்லை, மாவுக் கட்டி என்று சொன்னார். ஒரு மாத்திரையில் ஆளை நிரந்தரமாக மலடாக்கும் மருந்தே கிடையாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கேட்கிற நிலையில் அப்போது யார் இருந்தார்கள்? ஒரு வாரத்தில் கண்டியில் திகன எரிந்தது. அங்கே குடிபோதையில் சில முஸ்லிம் இளைஞர்கள் தாக்கி ஒரு சிங்களச் சாரதி இறந்திருந்தார், தாக்கியவர்கள் கைதாகியும் இருந்தார்கள், அது சட்டம் பார்க்க வேண்டிய ஒரு கொலை வழக்கு. ஏற்கனவே மாத்திரைக் கதையால் சூடேறியிருந்த மனங்களுக்கு அது போதுமாக இருந்தது. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். அவசரகால நிலை, ஊரடங்கு, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரு வாரம் முடக்கம்.

அதே மலட்டுக் கதை அடுத்த வருடம் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. 2019 மே 23, திவயின நாளிதழ் முதற்பக்கம்: ஒரு முஸ்லிம் மருத்துவர் நான்காயிரம் சிங்கள பௌத்தத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்துவிட்டார். குருநாகல் வைத்தியசாலையில் வேலை செய்த மருத்துவர் ஷாஃபி கைதானார், நூற்றுக்கணக்கான பெண்களிடமிருந்து முறைப்பாடு வாங்கினார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களமே ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. இரண்டு மாதம் கழித்துப் பிணை, வருடக்கணக்கில் வேலை இல்லை. பிறகு மீண்டும் சேர்க்கப்பட்டார், நிலுவைச் சம்பளம் வந்தபோது அதை அத்தியாவசிய மருந்து வாங்கக் கொடுத்தார். நாட்டில் முஸ்லிம்கள் ஏறத்தாழப் பத்து வீதம், சிங்களவர் ஏறத்தாழ முக்கால் பங்கு. அந்தக் கணக்கைத் தெரிந்து வைத்துக்கொண்டே 'நம் இனம் அழியப்போகிறது' என்ற பயத்தை ஊட்ட முடிகிறது என்றால், வெறும் எண்ணிக்கையைக் காட்டி அதை மறுக்க முடியாது. பயப்படுகிறவர் நம்புகிற ஒருவர், அவர் மொழியில், அன்றைக்கே சொல்ல வேண்டும்.

இந்த 'அன்றைக்கே' என்பதைத்தான் நான் முக்கியம் என்று நினைக்கிறேன். அம்பாறையில் அன்று இரவே சுகாதார வைத்திய அதிகாரியும் பொலிஸ் பொறுப்பதிகாரியும் ஒரு பிக்குவும் சேர்ந்து நின்று, சிங்களத்தில், கைபேசியில் ஒரு வீடியோ போட்டிருந்தால் நிலைமை வேறு மாதிரிப் போயிருக்க வாய்ப்பு இருந்தது. ஆய்வுகூட அறிக்கை வரும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை, அப்படி ஒரு மருந்து உலகத்தில் இல்லை என்பது ஏற்கனவே தெரிந்த விஷயம். உங்கள் ஊரில் இதைச் செய்யக்கூடிய ஆட்கள் யார் என்று கலவரம் இல்லாத நேரத்திலேயே தெரிந்து வைத்திருங்கள். தொலைபேசி இலக்கம் கையில் இருக்கட்டும். சமாதானக் குழு என்று பெயர் வைத்து வெசாக்குக்கும் பெருநாளுக்கும் சேர்ந்து படம் எடுப்பதோடு நின்றுவிடுகிற குழுக்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை இந்த வேலைக்குத் திருப்பலாம்.

பெரும்பான்மைக்குள்ளிருந்து வருகிற குரலுக்கு ஒரு தனி வலிமை உண்டு. திகன நேரத்தில் கிரிக்கெட் வீரர்கள் சங்கக்கார, மஹேல, ஜயசூரிய எல்லோரும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். சில இடங்களில் பிக்குமார் பள்ளிவாசலுக்கு முன்னால் போய் நின்றார்கள். உயிர்த்த ஞாயிறன்று தன் ஆலயங்களிலேயே பிணங்களைக் கண்ட கர்தினால் மல்கம் ரஞ்சித், பழிவாங்க வேண்டாம் என்று தன் மக்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு மனிதர் வேறு விதமாகப் பேசியிருந்தால் கத்தோலிக்கர் நிறைந்த நீர்கொழும்பு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் இப்படிப் பேசுகிறவர்களை நாம் தனியே விட்டுவிடுகிறோம். வட்டரெக்க விஜித தேரர் என்று ஒரு பிக்கு, முஸ்லிம்களுக்காகப் பேசியவர். 2014 ஏப்ரலில் கொழும்பில் அவருடைய செய்தியாளர் மாநாட்டுக்குள் பொதுபல சேனாக்காரர்கள் புகுந்து கலைத்தார்கள். அளுத்கம முடிந்த சில நாட்களில், கட்டப்பட்டு, ஆடை இல்லாமல், காயங்களோடு பாணந்துறைப் பக்கம் வீதியோரத்தில் கிடந்தார். பொலிஸ் கடைசியில் என்ன செய்தது தெரியுமா, தனக்குத் தானே காயம் உண்டாக்கிக்கொண்டார் என்று அவரையே கைது செய்தது. இதைப் பார்த்த எத்தனை பிக்குமார் பிறகு வாயைத் திறந்திருப்பார்கள்? நமக்காகப் பேசுகிற மற்றச் சமூகத்தவருக்கு ஒரு வழக்கறிஞர், இரவில் கூப்பிட்டால் எடுக்கிற நாலு பேர், தங்க ஓர் இடம், இவை ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும். நன்றிக் கடிதம் பிறகு எழுதலாம்.

சமூக வலைத்தளக் கம்பனிகளைப் பற்றிச் சுருக்கமாக. திகன நேரத்தில் முஸ்லிம்களைக் கைக்குழந்தை விடாமல் கொல்லச் சொன்ன ஒரு சிங்களப் பதிவை முறைப்பாடு செய்தவருக்கு, ஆறு நாள் கழித்து, இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பேஸ்புக்கிலிருந்து பதில் வந்தது. சிங்களம் படிக்கத் தெரிந்தவர்கள் அப்போது அவர்களிடம் சொற்பம். 2020இல் மன்னிப்புக் கேட்டார்கள். அந்தக் கம்பனி தானாக மாறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரே பதிவைப் பலர் முறைப்பாடு செய்வதோடு, இலங்கையில் இதைக் கண்காணிக்கிற குடிமைச் சமூக அமைப்புகளுக்கும் மொழிபெயர்த்து அனுப்புங்கள். தனியாள் ஒருவரின் முறைப்பாட்டுக்குக் கிடைக்காத பதில் அவர்கள் கேட்டால் கிடைக்கிறது. அப்புறம், கண்டிக்கிறேன் என்று சொல்லி அந்த வீடியோவையே பகிராதீர்கள். அம்பாறை வீடியோவை ஓடவிட்டதில் கோபப்பட்டுப் பகிர்ந்தவர்களுக்கும் பங்கு உண்டு.

வெறுப்பு எப்போதும் உறுமிக்கொண்டு வருவதில்லை, வர்த்தமானியாக, அதாவது அரசின் அதிகாரபூர்வ அறிவித்தலாகவும் வரும். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானி, கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்றது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று இங்கே நிபுணர் குழு சொன்னது. அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் சம்மதமில்லாமல் எரித்தார்கள். அப்போது பொரளை கனத்தை மயான வேலியில் ஆட்கள் வந்து வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டிவிட்டுப் போனார்கள், முஸ்லிம்கள் இறந்தவரைச் சுற்றி அடக்கம் செய்யும் கபன் துணியின் அடையாளமாக. முஸ்லிம்கள் மட்டும் கட்டவில்லை. ஒரு இரவில் அவை அகற்றப்பட்டன, ஆட்கள் மறுபடி கட்டினார்கள், மற்ற ஊர்களிலும் வேலிகளில் வெள்ளைத் துணி தொங்கியது. கூட்டம் கூடத் தடை இருந்த காலத்தில், யார் மீதும் ஒரு சொல் ஏவாமல் நடந்த போராட்டம். 2021 பெப்ரவரி கடைசியில் வர்த்தமானி மாறியது, ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது, 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. சர்வதேச அழுத்தமும் ஜெனீவாவில் உள்ள ஐநா மனித உரிமைகள் பேரவையும் அதில் பெரிய காரணம்தான், ஆனால் அந்தத் துணிகள் இல்லாமல் அழுத்தம் அந்தச் சூட்டில் இருந்திருக்காது.

இதுவரை சிங்கள இனவாதத்தைப் பற்றியே எழுதினேன். நான் மட்டக்களப்புத் தமிழன், எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும். மலட்டு மாத்திரைக் கதையை, மருத்துவர் கதையை, கொரோனாக் கதையைத் தமிழில் மொழிபெயர்த்து வட்ஸ்அப் குழுக்களில் போட்டவர்கள் தமிழர்கள். 2018இல் திருகோணமலையில் ஓர் இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்து வந்ததற்கு எதிராகப் பதாகை பிடித்தார்கள், உடையைத் தாண்டி அந்தச் சமூகத்தையே இழிவாக எழுதினார்கள். கல்முனையில் தமிழர் தனிப் பிரதேச செயலகம் கேட்ட பிரச்சினை சூடானபோது, நிர்வாக எல்லை பற்றிய ஒரு நியாயமான கோரிக்கைக்குள் எவ்வளவு விஷத்தைக் கலந்தார்கள். 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டதும், வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் ஒட்டுமொத்தமாக விரட்டப்பட்டதும், மறுபக்கம் முஸ்லிம் ஊர்காவல் படையினர் தமிழ்க் கிராமங்களில் புகுந்ததும் இரண்டு சமூகத்துக்கும் ஆறாத காயங்கள். அந்தக் காயத்தைச் சொல்வது வெறுப்புப் பேச்சு இல்லை. அதைக் காட்டி இன்றைக்குப் பக்கத்து ஊர்க் கடையில் சாமான் வாங்காதே என்பது வெறுப்புப் பேச்சு. தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தை நினைவில் வைத்திருக்கிற நம் சனம் இந்த வித்தியாசத்தைத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் குடும்பக் குழுவில் மாமாவோ அண்ணாவோ இப்படி ஒன்றைப் போட்டால் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். எல்லோர் முன்னாலும் மட்டம் தட்டினால் ரோஷத்துக்காகவே இன்னும் நாலு போடுவார்.

கடைசியாக முறைப்பாடு. பேச்சைக் கேட்டதும் முதலில் பதிவைச் சேமியுங்கள், அழித்துவிடுவார்கள். இணைப்பு, தேதி, நேரம், இடம், பேசியவர் வகிக்கும் பதவி, எந்த நிமிடத்தில் எந்த வசனம் என்பதைச் சொல்லுக்குச் சொல் எழுதி, தமிழில் பேசியிருந்தால் சிங்கள மொழிபெயர்ப்பும் சேருங்கள். 'இனவாதமாகப் பேசினார்' என்று மட்டும் எழுதினால் பொலிஸ் புத்தகத்தில் ஒரு வரிதான் ஏறும். மேலே சொன்ன ரபாத் கேள்விகள் ஆறுக்கும் உங்கள் முறைப்பாட்டிலேயே பதில் இருக்கட்டும். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், பிரதியைச் சட்டமா அதிபருக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேர்தல் காலம் என்றால் தேர்தல்கள் ஆணைக்குழுவுக்கும்.

பேசியவர் அரச அதிகாரி என்றாலோ, பொலிஸ் வேண்டுமென்றே கைகட்டி இருந்தாலோ உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். தனி ஆளுக்கு எதிராக அந்த மனு போகாது, அரசின் செயலுக்கோ செயலின்மைக்கோ எதிராகத்தான் போகும். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் போட்டாக வேண்டும், நல்ல வழக்குகள் பல இந்த ஒரு மாதத்தில்தான் விழுகின்றன. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது, ஆனால் விசாரணை உண்மையிலேயே நடப்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்பார்கள். அதனால் ஆணைக்குழுவிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் பத்திரமாக வைத்திருங்கள், முதல் வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.